பன்னிரண்டு ரோடு சேரும் இடம்

1

பாரிஸைச் சுற்றிப் பார்க்க மூன்று நாள் போதும் என்கிறார்கள். அந்த மூன்று நாளுக்கு நாங்கள் ஏழு மாதம் திட்டம் போட்டோம்.

நான் இருப்பது ஜெர்மனியில், கொலோன் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். இங்கிருந்து பாரிஸுக்கு ரயிலில் மூன்றரை மணி நேரம்கூட ஆகாது. சங்கரன்கோவிலில் பஸ் ஏறித் திருநெல்வேலியில் ஒரு துணிக்கடைக்குள் நுழைந்து வெளியே வருகிற நேரம்தான். ஆனாலும் இந்த இருபது வருஷத்தில் நான் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. மனைவி பிரேமாவும் மகள் கயலும் இரண்டு முறை போய்விட்டு வந்தார்கள். இரண்டு முறையும் எனக்கு ஷிஃப்ட் இருந்தது. எனக்கு எப்போதும் ஷிஃப்ட் இருக்கும். லிஃப்டுக்கு உதிரிபாகம் செய்கிற தொழிற்சாலையில் வேலை. நான் ஒரு நாள் போகாவிட்டால் உலகத்திலுள்ள லிஃப்டெல்லாம் நடுவழியில் நின்றுவிடும் என்று எனக்கு ஒரு நினைப்பு.

மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை. இங்கே காலி பாட்டில்களைக் கடையிலுள்ள மெஷினில் போட்டுக் காசு திரும்ப வாங்குவதற்கு வரிசையில் நிற்க வேண்டும். சாக்குப்பையோடு நின்றுகொண்டிருந்தபோது சங்கரன்கோவிலிலிருந்து அண்ணனின் குரல்செய்தி வந்தது.

"ஏலே முருகா, வண்டியக் குடுத்துட்டேன். சிவகிரிக்காரன் ஒருத்தன் வந்து எடுத்துட்டுப் போயிட்டான். வீட்டுக்கு வந்து ஒக்காந்திருக்கேன். ஒக்காந்துகிட்டே இருக்கேன். வேற என்ன செய்யன்னு தெரியல."

முன்னால் நின்ற கிழவர் பாட்டில்களை ஒவ்வொன்றாக, பாலாபிஷேகம் செய்வதுபோல நிதானமாக, மெஷினுக்குள் விட்டுக்கொண்டிருந்தார். நான் யோசிக்கவே இல்லை. ஃபோனை வாயருகே வைத்து, "அண்ணே, பாரிஸுக்கு வாரியா?" என்று கேட்டுவிட்டேன்.

நேரில் அண்ணனை நான் 'நீ' என்றுதான் சொல்வேன். இந்த 'வந்தார், போனார்' எல்லாம் எழுத்துக்கு மட்டும். இதைப் படித்தால் சிரிப்பார்.

2

அண்ணன் பெயர் சங்கரநாராயணன். எங்கள் ஊரில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் ஒரு சங்கரன் மேலோ ஒரு கோமதி மேலோதான் விழும். சாமியும் அம்மனும் அந்தப் பெயரில் இருக்கும்போது வேறு பெயரைத் தேட யாருக்குப் பொறுமை? மதினி பெயர் கோமதி.

முப்பத்திரண்டு வருஷம் அண்ணன் டூர் வேன் ஓட்டினார். பதினெட்டு சீட். தெருக்காரர்கள், நேர்ச்சைக்காரர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், காது குத்து, மொட்டை என்று யார் கூப்பிட்டாலும் வண்டி போகும். கிளம்புவதற்கு முன்னால் நாலு டயருக்கும் கீழே நாலு எலுமிச்சம்பழம். தேங்காயை உடைத்ததும் பின்பக்கக் கண்ணாடியைப் பார்த்து ஆள் எண்ணுவார். எண்ணிக்கை சரியாக இருந்தால்தான் கியர் விழும். ராமேசுவரம், பழனி, தஞ்சாவூர், கன்னியாகுமரி, அந்தப் பக்கம் குருவாயூர் வரை அவருக்குத் தெரியாத பாதை இல்லை.

பாதைதான் தெரியும். அது எனக்குத் தெரிந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால் லீவில் ஊருக்குப் போயிருந்தபோது. கயலைத் தஞ்சாவூருக்குக் கூட்டிப் போகலாமா என்று அண்ணனிடம் கேட்டேன்.

"கோயில் எப்படிண்ணே இருக்கும்?"

"நல்ல இடம்லே. ஓரமா ஒரு வேப்பமரம் நிக்கி. பதினோரு மணிக்கு மேல போனா நெழலு கெடைக்காது. வெரசலாப் போயி வண்டியச் சொருகிரணும்."

"கோயிலக் கேட்டேன்."

"அது உள்ளல்லா இருக்கு."

"உள்ள போனதில்லையா?"

"வண்டிய யாரு பாக்க?"

கன்னியாகுமரியில் சூரியன் உதிக்கும்போது ஸ்டியரிங்கில் தலைசாய்த்துத் தூங்கியிருக்கிறார். பழனியில் படிக்கட்டுக்குக் கீழே நின்றிருக்கிறார். குற்றாலத்தில் சீசன் சமயத்தில் அருவிச் சத்தம் கேட்கும், அவ்வளவுதான். பயணிகளின் பைகள், செருப்புகள், பெண்கள் கழற்றிவைத்த சங்கிலிகள், தூங்குகிற கைக்குழந்தைகள் எல்லாம் வண்டிக்குள் இருக்கும். "நீங்க போயிட்டு வாங்க, நான் வண்டியப் பாத்துக்கிடுதேன்" என்று அனுப்பிவிட்டு, போனட்டில் சாய்ந்து கைகட்டி நிற்பார். அதில் அவருக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் இருந்தது.

ஒரே ஒரு ஊரைத்தான் பார்க்கவேண்டும் என்று அவர் வாய்விட்டுச் சொல்லியிருக்கிறார். கரிவலம்வந்தநல்லூரில் பூகோளம் நடத்திய ஒரு சார், ஒரு டூரில் அவருக்குப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார். பாரிஸில் ஒரு பெரிய வளைவு இருக்கிறது, அதைச் சுற்றிப் பன்னிரண்டு ரோடு வந்து சேருகிறது, சிக்னலும் கிடையாது, கோடும் கிடையாது, அந்த வளைவின் உச்சிக்குப் படியேறிப் போய்ப் பன்னிரண்டையும் ஒரே பார்வையில் பார்க்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அன்றையிலிருந்து அண்ணனுக்கு அதே நினைப்பு. வண்டிக் கண்ணாடியில் படிந்த தூசியில் விரலால் வட்டம் போட்டுப் பன்னிரண்டு கோடு இழுத்து, "எவன் முதல்ல போவான்?" என்று ஸ்டாண்டிலுள்ள மற்ற டிரைவர்களைக் கேட்பாராம்.

ஒரு ஊரையாவது என் அண்ணன் வண்டியை விட்டு இறங்கிப் பயணியாகப் பார்க்கவேண்டும். அந்த வளைவின் உச்சியில் நிற்கவேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். ஈஃபிள் கோபுரமெல்லாம் பிரேமாவுக்காகச் சேர்த்துக்கொண்டது.

3

சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி நான்தான். தெருவையெல்லாம் ஃபோனிலேயே படமாகப் பார்க்கலாம், விரலால் தள்ளத் தள்ள முன்னால் போகும் என்று அண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவர் பாரிஸில்தான் குடியிருந்தார். காலையில் குளித்துத் திருநீறு பூசி, பழக்கம் விடாமல் வேன் ஸ்டாண்டுக்குப் போவார். வண்டிதான் இல்லையே தவிர, பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்து விரலால் வண்டி ஓட்டுவார். புளியங்குடி சவாரி, ராஜபாளையம் சவாரி என்று மற்றவர்கள் போவதும் வருவதுமாக இருக்க, என் அண்ணன் ஒரு ஆற்றங்கரையோரமாகப் போய்க்கொண்டிருப்பார்.

எனக்குக் காலை ஷிஃப்ட் என்றால் ஐந்தரை மணி பஸ். கண்ணாடியில் ஆவி படிந்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. காதில் இயர்ஃபோனைச் சொருகினால் அண்ணன் பேசுவார்.

"ஏலே, நேத்து ஒரு தெருவுக்குள்ள போனேன். ரெண்டு பக்கமும் மரம். நெழலுன்னா அப்படி ஒரு நெழலு. மூலையில ஒரு ரொட்டிக்கடை. வாசல்ல ஒரு பொம்பள நாயப் பிடிச்சுக்கிட்டு நிக்கா. மூஞ்சிய அழிச்சு வச்சிருக்கான். நாய் மூஞ்சி தெரியுது, அவ மூஞ்சி தெரியல. அது என்னலே கணக்கு?"

இன்னொரு நாள், "அந்த நாய்க்காரி இன்னைக்கும் அங்கனயேதான் நிக்கா" என்றார். அது என்றைக்கோ எடுத்த படம் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் தினமும் அந்தத் தெருவுக்குப் போய் அவள் நிற்கிறாளா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த தெருவுக்குப் போவார். கொஞ்ச நாளில் எனக்கும் அவள் மேல் ஒரு அக்கறை வந்துவிட்டது. உதிரிபாகத்தைக் கையில் வைத்துக்கொண்டு அளவு பார்க்கும்போது, நாயோடு இன்னும் நின்றுகொண்டிருப்பாளே, கால் வலிக்காதா என்று நினைப்பேன். மேற்பார்வையாளர் என்னவோ கேட்க, நான் "ஆமாமா" என்று தமிழில் சொல்லியிருக்கிறேன்.

அந்த ஊரில் எப்போதும் ஒரே வெயில். மழை இல்லை, இருட்டு இல்லை. ஆற்றில் படகு கிளம்பியது கிளம்பியபடி நின்றது. அண்ணன் வருவார், பார்ப்பார், போவார். ஒருநாள் அந்த வளைவுக்கும் வந்து சேர்ந்தார். அன்றைக்குச் செய்தி வரவில்லை, அழைப்பே வந்தது.

"ஏலே, இருக்கு! பன்னிரண்டும் இருக்கு. எண்ணிட்டேன்."

"எவன் முதல்ல போவான்னு கேட்டியே, நான் விசாரிச்சேன். வெளியிலருந்து உள்ள வாரவனுக்குத்தான் முதல் உரிமை. சுத்திக்கிட்டிருக்கவன் நின்னு வழி விடணும்."

அண்ணனுக்கு நம்ப முடியவில்லை.

"உள்ள இருக்கவன் நிக்கணுமா? வாரவனுக்காகவா?" என்றார். "அடேயப்பா. நம்ம ஊர்ல இப்படி ஒரு சட்டம் போட்டா பஸ் ஸ்டாண்டுலருந்து ஒரு வண்டி வெளிய வராது."

திட்டத்தை அவரே எழுதினார். எட்டுப் பக்கம். காலை நாலரைக்கு டீ, ஐந்துக்குப் புறப்பாடு, எந்த இடத்தில் பாத்ரூம், எங்கே புளியோதரை, எங்கே நிழல். அதில் ஓர் இடத்திலும் 'பார்த்தல்' என்ற வார்த்தை இல்லை. 'இறக்கி விடுதல்', 'ஏற்றிக்கொள்ளுதல்' என்றுதான் இருந்தது. அதைப் படித்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

4

விசாவுக்கு நான் அழைப்புக் கடிதம் கொடுக்கவேண்டும். இங்குள்ள அலுவலகத்தில் எண் வாங்கிக்கொண்டு ஒன்றே முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். மேஜைக்குப் பின்னால் இருந்த அம்மாள் தாள்களைப் புரட்டினார். என் குடும்பப் பெயர் ஆறுமுகம், அது எங்கள் அப்பா பெயர். அண்ணனுக்கும் அதே. மதினிக்குக் குடும்பப் பெயர் சங்கரநாராயணன்.

"இந்தப் பெண்மணி வேறு குடும்பமா?"

"இல்லை, அவர் மனைவி. எங்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. கல்யாணம் வரை அப்பா பெயர், பிறகு புருஷன் பெயர்."

"அப்படியானால் உங்கள் மகள்?"

"அவளுக்கு முருகன்."

"ஒரே வீட்டில் மூன்று குடும்பமா?" என்றார்.

எரிச்சலில் நான் பதில் சொல்லும்போது 'நீங்கள்' என்று வரவேண்டிய இடத்தில் 'நீ' என்று சொல்லிவிட்டேன். ஜெர்மன் மொழியிலும் இந்தச் சங்கடம் உண்டு. இருபது வருஷம் ஆகியும் அவசரத்தில் மரியாதை கழன்று விழுந்துவிடும். அந்த அம்மாள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஆனால் முத்திரை குத்திவிட்டார். நல்ல மனுஷி.

சென்னையில் மனுக் கொடுக்கும் இடத்தில் அண்ணனிடம், எதற்காகப் போகிறீர்கள் என்று ஒரு பெண் கேட்டிருக்கிறாள்.

"ரோடு பாக்கம்மா" என்றிருக்கிறார்.

"ரோடு போடுற வேலையா சார்?"

"இல்லம்மா. சும்மா பாக்க." எட்டுப் பக்கத்தையும் எடுத்து நீட்டியிருக்கிறார். அவள் முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, "சார், அங்க நாலரைக்கு டீக்கடை திறக்க மாட்டாங்க" என்றாளாம்.

"அப்போ பிளாஸ்க்குல போட்டுக்கிடுதோம்."

விசா வந்துவிட்டது. ரோடு பார்ப்பதற்காக விசா வாங்கிய மனிதர் எங்கள் தாலுகாவில் வேறு யாராவது இருப்பார்களா, தெரியவில்லை.

5

அக்டோபரில் பள்ளி விடுமுறை. அண்ணனும் மதினியும் ஒரு வாரம் முன்னதாகவே வந்து சேர்ந்தார்கள்.

ரயில் டிக்கெட், அறை, வளைவின் மேல் ஏறுவதற்கு அனுமதி என்று எல்லாவற்றையும் ஆகஸ்ட்டிலேயே போட்டாகிவிட்டது. போட்டது கயல். அவளுக்குப் பதினைந்து வயது. என்னிடம் தமிழில் பேச ஆரம்பித்து, பாதி வழியில் ஜெர்மன் வினைச்சொல்லைப் போட்டு முடிப்பாள். இப்போதெல்லாம் ஆரம்பிப்பதே குறைவு. ஆனால் பெரியப்பாவோடு மட்டும் ஃபோனில் என்னென்னவோ பேசினாள். அவர் உத்தரவு போடுவார், இவள் பதிவு செய்வாள். நான் இடையில் போகவில்லை. நல்லதுதானே, உறவு வளரட்டும் என்று விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், எனக்கு ஒரு வேலை மிச்சம் என்றுதான் விட்டேன்.

புறப்படுவதற்கு மூன்று நாள் முன்னால், டிக்கெட்டுகளைத் தாளில் எடுத்து வைக்கலாம் என்று கேட்டு வாங்கினேன். அண்ணன் பெயர், மதினி பெயர், பிரேமா, கயல். தாளைத் திருப்பிப் பார்த்தேன். நாலுதான்.

"கயல், என் டிக்கெட் எங்க?"

அவள் ஃபோனிலிருந்து தலையைத் தூக்கினாள். "பெரியப்பா நாலு பேருக்குப் போடச் சொன்னார்."

"நாம அஞ்சு பேருல்லா?"

"நீங்க வர்றீங்களா?"

விளையாட்டுக்குக் கேட்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டு இல்லை. கோபமும் இல்லை. நிஜமாகவே ஆச்சரியப்பட்டுக் கேட்டாள்.

"நான் வரலன்னு யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. நீங்க எப்பவும் வர மாட்டீங்களே அப்பா. பெரியப்பா நாலுன்னதும், சரி, அப்பாவுக்கு ஷிஃப்ட்டுன்னு நெனச்சேன்."

சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்திருந்த அண்ணன் துள்ளி எழுந்தார். "எம்மா, நான் என்னையச் சேக்காமல்லா நாலுன்னேன்!"

பிரேமாவுக்குப் புரியவில்லை. "உங்களைச் சேர்க்காமலா? ஏன் அத்தான்?"

"டிரைவர எவனாவது எண்ணுவானா? கண்ணாடியப் பாத்து எண்ணினா முன்னால இருக்க நம்ம தல எங்க தெரியும்? முப்பத்திரண்டு வருசமா அப்படித்தான் எண்ணிருக்கேன். வாயில தானா வந்துட்டு மக்கா."

தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது ஸ்டியரிங் பழக்கம். மதினி தலையில் அடித்துக்கொண்டு, "கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான் தம்பி, பந்தியில எல பத்தலன்னு தேடினா, இவுஹ எலையத்தான் இவுஹ எண்ணல" என்று சிரித்தாள். எல்லோரும் சிரித்தார்கள். கயலும் சிரித்தாள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அண்ணன் தன்னைத்தான் விட்டு எண்ணினார். என் மகள் என்னை விட்டு எண்ணியிருக்கிறாள், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல். கேட்பதற்கு எதுவும் இருப்பதாக அவளுக்குத் தோன்றவில்லை. நீச்சல் போட்டி, மிருகக்காட்சி சாலை, கடற்கரை, அவள் தோழிகளின் வீடு என்று எல்லா இடத்துக்கும் 'நீங்க போயிட்டு வாங்க' என்று வாசலில் நின்று கையசைத்தவன் நான். சமையலறைக்குப் போய்த் தண்ணீர் குடித்தேன்.

ரயிலில் இடம் இல்லை. விடுமுறைக் கூட்டம். அண்ணன் உடனே, "எஞ் சீட்டுல நீ போலே. நான் வீட்டப் பாத்துக்கிடுதேன்" என்றார். ஏழு மாதத் திட்டம் வீட்டைப் பார்த்துக்கொள்வதில் வந்து நின்றது.

"ஒண்ணும் வேண்டாம்" என்றேன். "நான் கார்ல வாரேன்."

"அப்போ நானும் கார்லதான்" என்றார் அண்ணன். ரயிலைப் பற்றி அவருக்கு என்றைக்குமே நல்ல அபிப்பிராயம் கிடையாது.

மதினி காரில் ஏற மாட்டாள். டிரைவர் பெண்டாட்டிதான், ஆனால் டீசல் வாடை பட்டால் குடலே வெளியே வந்துவிடும். புளியங்குடிக்குப் போகக்கூட எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே போகிறவள். அவளும் பிரேமாவும் ரயில் என்று முடிவாயிற்று. கயல் தன் டிக்கெட் தாளை மடித்து மேஜையில் வைத்துவிட்டு, "நானும் கார்" என்றாள்.

6

புறப்படுகிற அன்று அண்ணன் நாலு எலுமிச்சம்பழம் கேட்டார். கடையில் வாங்கின வலைப்பையைப் பிரித்து நாலு டயருக்கும் கீழே அவரே வைத்தார். நாயோடு போன பக்கத்து வீட்டுக்காரர் நின்று பார்த்தார். முன்பென்றால் கயல் வெட்கப்பட்டு உள்ளே ஓடியிருப்பாள். அன்றைக்கு அவரிடம் என்னவோ விளக்கினாள். அவர் மரியாதையாக ஓரடி தள்ளி நின்றுகொண்டார். நாலும் நசுங்கிய பிறகு தலையாட்டிவிட்டுப் போனார்.

இங்கே ஸ்டியரிங் இடது பக்கம். அண்ணன் வலது பக்கம் உட்கார்ந்தார். ஊரில் அதுதான் டிரைவர் சீட். உட்கார்ந்ததும் அவர் கை தானாக நீண்டது. பிடிப்பதற்கு ஒன்றும் இல்லாமல் மடியில் விழுந்தது. பெல்ஜியம் எல்லை வரைக்கும் அவர் வலது கால் தரையை மிதித்து மிதித்துப் பிரேக் போட்டுக்கொண்டே வந்தது.

"கொஞ்சம் சும்மா இருண்ணே."

"நான் சும்மாதாம்லே இருக்கேன். காலுதான் கேக்க மாட்டேங்கு."

வயலெல்லாம் அறுத்து வெறுமையாகக் கிடந்தது. மூடுபனி தரையோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் போனதும் அவர் கால் ஓய்ந்தது. கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து வெளியே பார்த்தார். காற்றாடிகள் சுற்றுகின்றன, மாடுகள் படுத்திருக்கின்றன, எங்கோ ஒரு தேவாலயக் கூம்பு நனைந்து நிற்கிறது. "ஏலே, ஓரத்துல இவ்வளவும் இருக்குமா?" என்றார். "ஓட்டும்போது முன்னால போற வண்டி குண்டிதான தெரியும்." பின்னால் கயல் களுக்கென்று சிரித்தாள். அந்த வார்த்தையெல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்.

மத்தியானத்துக்கு மேல் பாரிஸுக்குள் நுழைந்தோம். அகலமான ஒரு சாலை மேடேறிக்கொண்டே போனது. அதன் முடிவில் அந்த வளைவு, ஃபோனில் பார்த்த மாதிரி இல்லாமல், ஈரமாக, மேகத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. கோடு இல்லை, சிக்னல் இல்லை. உள்ளே போன மறு நிமிஷம் எந்த ரோட்டில் வந்தேன் என்பதே மறந்துவிட்டது. வலது பக்கமிருந்து பஸ் வருகிறது, பைக் வருகிறது, டாக்ஸி வருகிறது. எல்லாம் அண்ணன் மேல் மோதுவதுபோல வந்து, மோதாமல் போகிறது.

"அப்பா, அடுத்தது, அடுத்தது! இல்ல, போயிருச்சு!" என்றாள் கயல்.

ஒரு சுற்று போய்விட்டது. இரண்டாவது சுற்றிலும் என்னால் வெளியேற முடியவில்லை. யார்யாரோ ஹாரன் அடிக்கிறார்கள். "அண்ணே, என்ன செய்ய?" என்று கத்திவிட்டேன். நாற்பத்தெட்டு வயதில், பத்து வயதுப் பையன் மாதிரி.

திரும்பிப் பார்த்தால் அவர் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு சிரிக்கிறார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிகிறது. ஒவ்வொரு ரோடாக விரல் மடக்கிக்கொண்டிருந்தார்.

"பயப்படாத. நின்னு நின்னு போ. வாரவனுக்கு வழி விடு, அதான் இந்த ஊரு சட்டம். ஆத்தா கோமதி, பாத்துக்கிட்டே இரு... இன்னொரு சுத்து போலே."

"இன்னொரு சுத்தா?"

"ஆடிச்சுத்து சுத்தமாட்டோமா? நூத்தியொண்ணா கேக்கேன்? ஒண்ணுதான கேக்கேன்."

ஆடி மாதம் ஊரில் கோயிலை நூற்றியொரு தடவை சுற்றி வருவது பெண்களின் நேர்ச்சை. மூன்றாவது சுற்றை நான் அண்ணனுக்காகவே சுற்றினேன்.

7

தரைக்குக் கீழே ஒரு கார் நிறுத்துமிடம். வண்டியைச் சொருகி இஞ்சினை நிறுத்தினேன். பிரேமாவும் மதினியும் மேலே வளைவுக்குப் போகும் வழியில் வந்து காத்திருப்பதாகச் செய்தி.

அண்ணன் இறங்கினார். நாலு டயரையும் பார்த்தார். நாலு கதவையும் இழுத்துப் பார்த்தார். பிறகு முன்பக்கமாக வந்து, போனட்டில் சாய்ந்து, கைகட்டிக்கொண்டார். அந்த நிற்பு எனக்குத் தெரியும். இவ்வளவு தூரம் வந்தும் இவர் மேலே வரப்போவதில்லை. அவரைக் கூப்பிட வாயெடுத்தேன். அதற்குள் என் சட்டைப்பையில் ஃபோன் அடித்தது. தொழிற்சாலையிலிருந்து.

"நீங்க போயிட்டு வாங்க," என்றேன். "பத்து நிமிஷம் பேசிட்டு வந்திருதேன். எனக்கு மேல போக டிக்கெட்டும் இல்ல."

"இருக்கு. அன்னைக்கே அஞ்சாவது வாங்கிட்டேன்," என்றாள் கயல். பாதி தூரம் நடந்திருந்தவள் திரும்பி நின்றாள். போனட்டில் சாய்ந்த பெரியப்பாவையும் ஃபோனைப் பிடித்திருந்த என்னையும் மாறிமாறிப் பார்த்தாள். "ரெண்டு பேருமே வரலையா?"

ஃபோன் அடித்துக்கொண்டிருந்தது. அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். அவ்வளவு நேரம் அவர் என்னை உற்றுப் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு கையைப் பிரித்து, போனட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"வண்டி கெடக்கட்டும்லே."

"அண்ணே, ஆஃபீஸ்லருந்து..."

"முப்பத்திரண்டு வருசம் பாத்துக்கிட்டு நின்னேன். ஒருத்தன் வந்து தொட்டதில்ல முருகா. ஒருத்தன்கூட. அந்த ஃபோன அணைச்சு வச்சுட்டு வா, புள்ள நிக்கால்லா."

அணைத்தேன். வழியில் காத்திருந்த பிரேமாவையும் மதினியையும் சேர்த்துக்கொண்டு ஏறினோம். படிகள் இருநூற்றுக்கு மேல் இருக்கும், ஒடுக்கமாகச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. கயல் முன்னால் போனாள். அவளுக்குப் பின்னால் அண்ணன், மூச்சு வாங்க, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்காமல் ஏறினார்.